புவனேசன் மகள் வெளியே தூங்குகிறாள்

கெடா மாநிலத்துச் செமிலிங்கில் நாங்கள் குளிர் என்று சொல்வதைக் கேட்டால் வெளியூர்க்காரனுக்குச் சிரிப்பு வரும். ஜெராய் மலை மேகத்தை இழுத்துத் தலைவரை மூடிக்கொள்ள வேண்டும், மழை விட்டுவிட்டுத் தூற வேண்டும், மலைக்காற்று சாலைக்கு இறங்கி வர வேண்டும். எங்களுக்கு அவ்வளவே போதும். ஸ்வெட்டரைத் தேடுவோம், காதில் துண்டு கட்டுவோம். என் கடையில் ஐஸ் கேட்க ஆள் இருக்காது. இந்த ஜனவரி முழுக்க அப்படித்தான் இருந்தது. அந்தக் குளிரில்தான் புவனேசன் தன் கைக்குழந்தையை வீட்டுக்கு வெளியே தூங்கப் போட்டான். ஊரே பேசியது. பேசியவர்களுக்குப் பாதிதான் தெரியும். எனக்கு முழுதும் தெரியும், ஏனென்றால் அது தொடங்கியதே என் கடையில்.

என் பெயர் கவுஸ். பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்ததைவிட வெளியே நின்றதுதான் அதிகம். எச்சில் தட்டு கழுவித் தொழிலுக்கு வந்தேன். இன்று இந்தச் சாலையில் என் கடைதான் கடை. வீசிப் போடும் என் ரொட்டி சானாய் பரோட்டாவுக்காகச் சுங்கை பட்டாணியிலிருந்து கார் எடுத்து வருகிறார்கள். சும்மா சொல்லவில்லை, வந்து பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு பேருக்குச் சோறு போட்டவன் ஒரு மனிதனைப் பற்றி எழுதினால் அதில் விஷயம் இருக்கும் என்று நம்பிப் படியுங்கள்.

புவனேசன் என் கடைக்கு எதிர்வரிசை வீட்டில் குடியிருக்கிறான். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பெற்றவர்கள் இருவரும் இல்லை. ஆள் நல்ல உயரம், கதவில் நுழையும்போது தலையைக் குனிவான். குரல் மட்டும் பூனைக்குட்டி. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், எப்போதும் நைட் ஷிஃப்ட். அவன் மனைவி நளினிக்கு சுங்கை பட்டாணியில் ஒரு மருந்துக் கடையில் பகல் வேலை. காலையில் கம்பெனி பஸ் அவனை இறக்கிவிடும். அவன் குளித்துவிட்டு வந்ததும் நளினி குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடுவாள். அதற்குப் பிறகு மாலைவரை தாயும் அவன்தான், தகப்பனும் அவன்தான்.

கடையில் அவனைச் சும்மா விடுவார்களா? லோரி ஓட்டும் காளிதாசன் ஒருநாள் சத்தமாகக் கேட்டான்.

“என்னடா புவனா, பால் வந்திருச்சா?”

“வந்திருச்சுண்ணே. தேத்தண்ணில கொஞ்சம் ஊத்தட்டா?”

பூனைக்குட்டிக் குரலிலேயே சொன்னான். காளிதாசன் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குழந்தையின் பெயர் தஷ்வினி. மாதம் நிறையும் முன்பே பிறந்துவிட்டாள். என் உள்ளங்கையும் மணிக்கட்டும் சேர்ந்த நீளம்தான் இருந்தாள். அதனால் எல்லோருக்கும் பயம். பிள்ளைப்பேறு பார்க்க வந்த நளினியின் அக்கா புஷ்பவள்ளி, கோலா கெடாவில் மீன் கடை வைத்திருப்பவள், போகும்போது சட்டம் போட்டுவிட்டுப் போனாள். குல்லாவைக் கழற்றக் கூடாது. கால் உறை, கை உறை கழற்றக் கூடாது. ஜன்னலைத் திறக்கக் கூடாது. காலையும் மாலையும் சாம்பிராணி. உடம்பெல்லாம் தைலம். காத்து மட்டும் படவே கூடாது. புஷ்பவள்ளிக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய பாசமெல்லாம் இந்தச் சட்டங்களில்தான் இருந்தது. புவனேசன் ஒன்றையும் மீறவில்லை.

ஆனால் குழந்தை தூங்கவில்லை. வீட்டுக்குள் ஸ்பிரிங் தொட்டில் கட்டி ஆட்டிக்கொண்டே இருப்பான். கண்ணை மூடுவாள். அவன் கையை எடுத்ததும் அழுவாள். அவள் தூங்காவிட்டால் அவன் எப்படித் தூங்குவது? பகலெல்லாம் விழித்திருந்து இரவில் வண்டி ஓட்டினான். ஒருநாள் கண் அசந்து, ஃபோர்க்லிஃப்டின் முள் அட்டைப்பெட்டி அடுக்கைக் குத்திவிட்டது. பக்கத்தில் ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சூப்பர்வைசர் கேட்டாராம். இன்னொரு முறை நடந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவோம் என்றும் சொன்னாராம்.

இது புஷ்பவள்ளி காதுக்குப் போனது. போனில் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். “வெள்ளிக்கெழம வேன் எடுத்துட்டு வாரேன். புள்ள நடக்குற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்.” நளினி அழுதுகொண்டே சரி என்றாள். வேலை போனாலும் குடும்பம் போச்சு, குழந்தை போனாலும் வீடு போச்சு. புவனேசன் என்ன சொல்வான்?

அந்த வாரத்தின் நடுவில் ஒருநாள் காலை. தூறல். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மேலே குடையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தான். உள்ளே உட்கார இடம் இல்லை. வெளித் தகரக் கூரைக்குக் கீழே, சாரல் எட்டாத மேசையில் உட்கார்ந்தான். வரும் வழியில் குல்லா எங்கேயோ விழுந்துவிட்டது. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

“பாய், தே தாரிக் ஒண்ணு. கெட்டியா.”

நான் கொண்டுபோய் வைத்தேன். மலைக்காற்று நேராக அந்த மேசைக்குத்தான் வரும். நான் சொல்ல வாயெடுத்தேன், ‘காத்து அடிக்குதுப்பா, உள்ள வா’ என்று. அதற்குள் அவன் ஒரு விரலைத் தூக்கி உதட்டில் வைத்தான். அவன் கண் இரண்டும் பெரிதாக இருந்தன.

குழந்தை தூங்கிவிட்டது.

வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது. அவன் தோளில் மாவு பிசைந்து வைத்த மாதிரி ஒட்டிக் கிடந்தாள். நான் திரும்பினேன். கடையில் டிவி அலறுகிறது. அதை நிறுத்தினேன். நபீல், என் ரொட்டி மாஸ்டர், கல்மேடையில் மாவை ஓங்கி வீசிக்கொண்டிருந்தான்.

“டேய் நபீல், நிறுத்துடா.”

“பாய், அஞ்சு ஆர்டர் நிக்குது!”

“நிக்கட்டும். புள்ள தூங்குது.”

என் கடையில் ரொட்டி நின்றது கோவிட் காலத்தில்தான். அதற்குப் பிறகு அன்றுதான். மலாய்க்காரர் கைருல், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தினமும் வந்து அரசியல் பேசிச் சண்டை போடுகிறவர், மெல்ல எட்டிப் பார்த்துவிட்டு “தீடோர் டா, தீடோர் டா” என்று பக்கத்து மேசைக்கு ரகசியம் போலச் சொன்னார். தூங்கிட்டாளாம். கரண்டி கிளாசில் படாமல் சீனி கலக்கினார்கள். காளிதாசன் இருமல் வந்து சாலைக்கு ஓடிப்போய் இருமிவிட்டு வந்தான். புவனேசன் தேநீரைத் தொடவே இல்லை. அது ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது. அவன் கண்ணும் சொக்கியது. ஆனால் குழந்தையைப் பிடித்த கை மட்டும் இளகவில்லை.

எழுந்ததும் குழந்தை அழவில்லை. சுற்றிப் பார்த்தது.

“பாய், இவளுக்குக் காத்து வேணும் போல,” என்றான் அவன். “வீட்டுக்குள்ள வேக வெச்சிட்டோம் பாய், புள்ளைய.”

எனக்கு வருத்தம் காட்டத் தெரியாது, காரியம்தான் தெரியும். ஸ்டூல் போட்டு ஏறி, கடையில் வாழைத்தார் தொங்கவிடும் இரும்புக் கொக்கியைக் கழற்றினேன். கடை திறந்த அன்று நானே பார்த்து வாங்கியது. எத்தனை தார் தாங்கியிருக்கும்! அதை அவன் வீட்டு முன்வாசல் போர்ச் உத்தரத்தில் நானே நின்று மாட்டவைத்தேன், என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். காளிதாசன் கை தட்டினான்.

அன்று முதல் தொட்டில் வெளியே. சாரல் படாத சுவரோரம். கேட் பூட்டியிருக்கும். கொசுவலை போட்டிருக்கும். குழந்தைக்கு ஒரு பருத்திச் சட்டை, மேலே ஒரு போர்வை, அவ்வளவுதான். புவனேசன் பக்கத்தில் சாய்வு நாற்காலி போட்டு, தொட்டில் துணியிலிருந்து ஒரு நூல் கயிற்றைத் தன் கால் கட்டை விரலில் கட்டிக்கொள்வான். அவள் அசைந்தால் விரல் இழுக்கும். கண்ணைத் திறக்காமலே காலை ஆட்டுவான். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். “இந்தக் குளிருல யாராச்சும் புள்ளைய வெளிய போடுவாங்களா?” என்றார்கள். அவன் தூங்கிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. நான்தான் சாலையைக் கடந்துபோய்ப் பதில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கெடாவில் விடுமுறை நாள், ஆனால் மருந்துக் கடைக்கு விடுமுறை இல்லை, நளினி வேலைக்குப் போய்விட்டாள். நான் ஜும்ஆ தொழுகைக்குப் போகக் கடையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். மீன் வாசத்தோடு வேன் வந்து நின்றது. புஷ்பவள்ளி இறங்கினாள். கம்பளிச் சட்டை, கழுத்தில் துண்டு. கேட்டுக்கு அந்தப் பக்கம் தங்கை புருஷனின் குறட்டை, மழைக்காற்றில் தொட்டில் ஆடுகிறது.

“அய்யய்யோ! மாப்ள! உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? புள்ளைய மழையில தொங்கப் போட்டுட்டுத் தூங்குறீங்களா?”

அவன் பதறி எழுந்தான். காலில் கயிறு இருந்ததால் விழப்போனான். கேட்டைத் திறந்தான். அவள் ஒரே வாரலில் குழந்தையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஜன்னல் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்டது. பிறகு அழுகை. எனக்கு மனம் கேட்கவில்லை, போய் வாசலில் நின்றேன்.

“அம்மா புஷ்பவள்ளி, நான் ஒண்ணு சொல்லட்டா?”

“பாய், நீங்க போய் ரொட்டி தட்டுங்க. புள்ள வளக்குறத நாங்க பாத்துக்கிறோம்.”

இந்த ஊரில் என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை. இருந்தாலும் நான் நகரவில்லை. உத்தரத்தில் இருப்பது என் கொக்கி.

உள்ளே குல்லா மாட்டினாள், உறை மாட்டினாள், தைலம் தேய்த்தாள். அழுகை ஏறிக்கொண்டே போனது. புவனேசன் வாதாடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அறைக்குள் போய் ஒரு பையை எடுத்து வந்தான். குழந்தையின் துணி, பால் புட்டி, எல்லாம் முன்பே மடித்து வைத்திருந்தான். அதைக் கொண்டுபோய் வேனில் வைத்தான். கதவை மூடிவிட்டு அதன்மேல் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றான். அந்த முதுகைப் பார்க்க முடியாமல் நான் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வந்து அவளிடம் மெதுவாகக் கேட்டான்.

“அக்கா, உங்க வீட்டு வாசல்ல நெழல் இருக்கா?”

“எதுக்கு?”

“அங்கயும் வெளியவே போடுங்கக்கா. உள்ள போட்டா தூங்கமாட்டா. கைய தொட்டுப் பாக்காதீங்க, கை எப்பவும் சில்லுன்னுதான் இருக்கும். பின்கழுத்தத் தொட்டுப் பாருங்க. அங்க சூடு இருந்தா சரி. சூடு கொறஞ்சா இன்னொரு போர்வ. கயிறு ரொம்ப நீளமா வேணாம். மழ சத்தம் கேட்டா சிரிப்பாக்கா. அத நீங்க பாக்கணும்.”

குழந்தை புஷ்பவள்ளி தோளில் செக்கச் சிவந்து கத்திக்கொண்டிருந்தது. குல்லாவைக் கழற்றினாள். முடியெல்லாம் வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. அதை ஒரு விரலால் ஒதுக்கி விட்டாள். பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், வெளியே வந்து தொட்டிலில் போட்டாள்.

காற்று வீசியது. குழந்தை விக்கியது. இன்னொரு முறை விக்கியது. பிறகு மழையைக் கேட்டது. பிறகு தூங்கிவிட்டது.

புஷ்பவள்ளி கையைத் துணிக்குள் விட்டு அதன் பின்கழுத்தைத் தொட்டாள். எடுக்கவே இல்லை. நெடுநேரம் கழித்துத்தான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எங்க வாசல்ல கருவாடு காயுது மாப்ள,” என்றாள். “லங்காவி தீவுக்குப் போற ஃபெர்ரி வேற ஊதிக்கிட்டே கெடக்கும். அங்க எங்க இவ தூங்க?”

அவன் புரியாமல் நின்றான்.

“மரம் மாதிரி நிக்காம போய் அந்தப் பைய எடுத்துட்டு வாங்க. முழிச்சா மாத்துத் துணி வேணாமா?”

ஓடினான். அவ்வளவு பெரிய ஆள் ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். பையோடு வந்தவனை அவள் உள்ளே போய்ப் படுக்கச் சொன்னாள். கயிற்றைத் தன் கால் விரலில் கட்டிக்கொண்டாள். முடிச்சு போடத் தெரியவில்லை, இரண்டு முறை அவிழ்ந்தது. நான் குனிந்து கட்டிக் கொடுத்தேன்.

“என்ன பாய், ரொட்டி தட்டலியா?” என்றாள். கண் ஈரமாக இருந்தது.

“கடை சாத்திட்டேன்மா. தொழுகைக்குப் போறேன்.”

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவள்தான் வந்து கயிறு பிடிக்கிறாள். எனக்கும் ஒரு பொட்டலம் மீன் வரும். அன்று புவனேசன் உள்ளே கட்டிலில் கால் நீட்டித் தூங்குகிறான். அதன்பிறகு ஃபோர்க்லிஃப்டில் ஒரு கீறல் இல்லை. குழந்தை கன்னம் வைத்திருக்கிறது. என் கொக்கியை நான் திருப்பிக் கேட்கவில்லை. கடையில் வாழைத்தார் கயிற்றில் தொங்குகிறது. கேட்பவர்களிடம் எதிர்வரிசையைக் காட்டுகிறேன்.