கற்றாழை தழைத்த மேடுகள்

பேரையூருக்குத் தெற்கே, கரட்டூரணியில் கடைசி வண்டியும் பூட்டியாகிவிட்டது. வாந்திபேதி வாரிக்கொண்டு போனது பாதி. மிச்சத்தைப் பஞ்சம் விரட்டியது. மதுரை மில்லை நம்பி ஊரே கிளம்பிற்று.

முதல் குடிகள் அங்கே வந்தபோது தங்கள் முன்னோரைப் புதைத்த இடத்திலிருந்து பிடிமண் முடிந்து வந்தார்களாம். போகிறவர்களும் அவரவர் புதைமேட்டில் ஒரு பிடி அள்ளினார்கள். ஒச்சாயி மட்டும் வெறும் முந்தானையோடு நின்றாள்.

"அள்ளு தங்கச்சி, பொழுதாகுது" என்றான் அண்ணன் மொக்கையன்.

"எதுலண்ணே அள்ள?"

மகன் சோலையைப் புதைத்தபோது, பொம்பளை இடுகாட்டுக்கு வரக்கூடாதென்று அவளை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பெரியவர்களுக்குத் தலைமாட்டில் கல். கொள்ளைநோயில் போன பிள்ளைகளுக்கு ஒற்றைக் கற்றாழை. "ஒம் மகனுக்குச் சோடியா வச்சிருக்கேன், அதான் அடையாளம்" என்று சொல்லியிருந்தான் மொக்கையன்.

பிறகு பசி வந்தது. மகள் தங்கப்பொண்ணு சுருண்டு கிடந்தாள். ஊரார் மேடு மேடாகக் கற்றாழைக் கிழங்கு தோண்டித் தின்றபோது, கடைசியாக நின்ற அந்தச் சோடியை ஒச்சாயிதான் பிடுங்கினாள். ஐயோ, செத்த பிள்ளையின் அடையாளத்தை அவித்து, இருக்கிற பிள்ளைக்கு ஊட்டினாள்! அந்த வெட்கத்தில் அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. புழுதிக்காற்று எல்லா மேட்டையும் ஒன்றாகத் தேய்த்துவிட்டது.

"ஒரே நாள்ல எம்புட்டுக் குழி வெட்டுனேன், எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" மொக்கையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அப்ப நீங்க போங்க. எம்புள்ள எடத்தச் சொல்லுவான், அப்புறம் நான் வாரேன்."

"ஏத்தா, பேயோடவா குடித்தனம் பண்ணப்போற?"

அவள் அசையவில்லை. மகளை வண்டியில் ஏற்றிவிட்டாள். மொக்கையன் கொஞ்சம் சோளத்தை வைத்துவிட்டுப் போனான்.

கரட்டுப் பாறை இடுக்கில் தப்பிக்கிடந்த கற்றாழைக் கன்றுகளைக் கொண்டுவந்து பிள்ளைகளின் மேடுகளிலெல்லாம் நட்டாள். எதற்கும் தண்ணீர் விடவில்லை. எது முதலில் தழைக்கிறதோ அதில்தான் சோலை இருக்கிறான். "ஆத்தாளுக்கு ஒன்னே ஒன்னு காட்டுடா" என்று ஆளில்லாத ஊரில் தினமும் கெஞ்சினாள். கன்றுகள் கருகின.

ஐப்பசியில் மழை கொட்டியது. விடிந்ததும் ஓடினாள். நாளுக்கு நாள் பார்த்தாள். பச்சை விட்டது, எல்லா மேட்டிலும், ஒன்றுபோல!

அவளைக் கூட்டிப்போக வண்டி திரும்பி வந்தபோது அவள் சேற்றில் கிடந்து வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தாள். தங்கப்பொண்ணு பக்கத்து மேட்டில் கைநிறைய அள்ளினாள்.

"இதுதான் ஆத்தா. மாமா அடையாளம் சொன்னாரு."

வண்டியருகே நின்ற மொக்கையன் தலையைக் குனிந்துகொண்டான். ஒச்சாயி இருவரையும் பார்த்தாள். முந்தானையை ஏந்தினாள். இறுக முடிந்துகொண்டு வண்டியேறினாள்.

பேரையூர் தாண்டும்வரை முடிச்சை மார்போடு அணைத்திருந்தவள் மெல்லக் கேட்டாள்:

"யாரு பெத்த புள்ளடி இது?"

தங்கப்பொண்ணு மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.