ஒலிக்காத கறுப்புக் கட்டை

நேற்று மகளின் கீபோர்டு உறையைத் திறந்ததும் எழுந்த பூச்சி உருண்டை வாசனை, ஹாலிஎலை ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தேவாலயத்தை ஒட்டியிருந்து, பிறகு இடித்துத் தேயிலை நட்டுவிட்ட அந்த ஈரச்சுவர் அறைக்கும், எலிக்குப் பயந்து உள்ளே உருண்டைகள் போட்டுவைத்த அதன் பழைய பியானோவுக்கும் என்னை இழுத்துப்போனது.

அன்று பதுளைப் பள்ளியில் எனக்கு இடம் தரலாமா என்று சோதிக்க அங்கே வந்த டீச்சர், "ஜி மேஜர் ஸ்கேல் வாசிங்க" என்றார். அந்த எட்டுச் சுர வரிசையில் ஒரே ஒரு கறுப்புக் கட்டைதான், ஏழாவது சுரம். அந்தப் பியானோவில் அதை அழுத்தினால் 'டொக்' என்று மரச்சத்தம் மட்டுமே வரும். சொல்லப் பயம். ஆறு சுரம் ஏறி, ஏழாவதை வாயால் பாடி, எட்டாவதை வாசித்தேன்.

கொழுந்து பறிக்கப் போகாமல் வாசலில் நின்ற அம்மா, "வாசிக்கச் சொன்னா பாடுறியேடி!" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டீச்சர் எழுந்துவந்து அந்தக் கட்டையை அழுத்தினார். டொக். மறுபடியும் அழுத்தினார்.

"இப்ப மேலயிருந்து கீழ இறங்கி வாசிங்க."

இறங்கும்போதும் அந்த ஒன்றை மட்டும் பாடினேன்.

"தை மாசம் புள்ளைய பள்ளிக்கு அனுப்பி வைங்கம்மா."

என்ன நடந்ததென்று விளங்காமலேயே அம்மா, "ஆமாங்க, ஆமாங்க" என்று அழுதாள்.