வனஸ்பதி டின்னில் கூம்புப்பூ

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு நீங்கள் யார் மேலாவது கோபப்படக் கூடாது. யார் மேல் கோபப்படுவது என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. லக்ஷ்மிபாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், முதல் மாடி, இரண்டு அறை, வெயில் விழும் ஒரு பால்கனி. அதில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கை. அத்தைக்குக் கல்யாணமான மறு வருஷமே மாமா விபத்தில் போய்விட்டார். அப்பா திருநெல்வேலிக்குப் போய் அவளையும் அவளுடைய டிரங்குப் பெட்டியையும் டெல்லிக்குக் கூட்டிவந்தார். அன்றிலிருந்து வீடே அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. ஒரு வாளித் தண்ணீர் தூக்க விடமாட்டாள் அம்மா. வேண்டாம் என்றாலும் இரண்டாம் கரண்டி நெய் இலையில் விழும். ஞாயிற்றுக்கிழமை அவள் கொஞ்சம் சும்மா உட்கார்ந்தால் போதும், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளப்பிவிடுவார். ஊரிலிருந்து வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, முகம் இப்படி வாடிக் கிடக்கே என்று ஆரம்பிப்பார்கள்.

உண்மையில் அத்தையின் முகவெட்டே அப்படி. கண்ணோரமும் உதட்டோரமும் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் காலேஜில் எடுத்த குரூப் போட்டோவிலும் அதே முகம்தான். அந்தப் போட்டோ எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. நான் தினமும் தூசி தட்டுவேன்.

அத்தை தாவரவியல் படித்தவள். கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியின் அக்கா மசூரிப் பக்கம் ஒரு பெண்கள் போர்டிங் பள்ளியில் வார்டனாக இருந்தார். அடுத்த ஜூலையில் அங்கே ஒரு டீச்சர் இடம் காலியாகிறது, தங்க அறையும் உண்டு, உங்கள் தங்கை வருவாளா என்று ஆன்ட்டி அப்பாவிடம் கேட்டாள். அத்தை போகிறேன் என்றாள். அப்பாவுக்குப் பகீரென்றது. இங்கே உனக்கு என்ன குறை என்று கேட்டார். குறை எதுவும் இல்லை, அதனால்தான் போகிறேன் என்று அத்தை சொன்னது அந்த வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

அதே சமயத்தில் கனடாவிலிருந்த ஆன்ட்டியின் மகன் ஏதோ விதை கொண்டுவந்து கொடுத்திருந்தான். ஆன்ட்டி அதை அத்தையிடம் தந்துவிட்டாள். அந்த ஊர்ப் புல்வெளிகளில் தானாக முளைக்கும் கூம்புப்பூவாம். முதல் வருஷமே பூக்கும் என்று சொல்ல முடியாது என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்த அப்பா சிரித்தபடி, "சரி, இது பூக்கட்டும். பூத்தா ஒன்னை நானே பஸ் ஏத்தி விடுதேன்" என்றார். அவருக்கு நேராக முடியாது என்று சொல்ல வராது.

அத்தை அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்த வரையில் அவள் அப்படி ஒரு காரியத்தில் இறங்கியது அதுதான் முதல் தடவை. விதைக்குக் குளிர் படவேண்டும் என்று ஈரமணலில் பிசைந்து ஜாம் பாட்டிலில் போட்டாள். எங்களிடம் பிரிட்ஜ் கிடையாது. அதனால் ஆன்ட்டி வீட்டு வெண்ணெய்க்குப் பக்கத்தில் அந்த மணல் பாட்டில் பல நாள் குடியிருந்தது. யாரோ வந்தவர்கள் அதை மசாலா என்று திறந்து பார்த்ததாகக் கேள்வி. பிறகு இரண்டு பெரிய வனஸ்பதி டின்களின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டாள். கட்டட வேலைக்குத் தெருவில் கொட்டியிருந்த பதர்பூர் மணலை நானும் அவளும் கிண்ணத்தில் அள்ளிவந்து மண்ணோடு கலந்தோம். அம்மா எங்கிருந்தோ சாணி எரு வரவழைத்தாள். அத்தை வேண்டாம் என்றுவிட்டாள். கொழுத்தால் நிற்காது, சாய்ந்துவிடும், ஏழை மண்ணில்தான் நிமிர்ந்து நிற்கும் என்றாள். பச்சைப்பிள்ளையைப் பட்டினி போடுகிறாளே என்று அம்மாவுக்கு மனசு கேட்கவே இல்லை.

விதை முளைத்து, குளிர்காலம் முழுக்கக் கொத்தமல்லிக் கட்டு மாதிரி மண்ணோடு கிடந்தது. ஹோலி முடிந்து வெயில் ஏறியதும் விறுவிறுவென்று தண்டு விட்டது. விரலை மண்ணுக்குள் விட்டு, விரல் முழுக்கக் காய்ந்திருந்தால்தான் அத்தை தண்ணீர் விடுவாள். ஏப்ரலில் நுனியில் மொட்டு வந்தது. அன்று காலை அவள் என்னை எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினாள். அப்பாவையும் கூப்பிட்டாள். அப்பா பார்த்துவிட்டு, மொட்டுதானே என்றார்.

அந்த வாரம்தான் ஜனக்புரியில் சித்திக்குப் பிரசவம். உதவிக்கு அத்தை போகவேண்டி வந்தது. எங்கள் எல்லோரையும் நிறுத்தி வைத்து விரல் விட்டுப் பார்க்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகுதான் பூ விரிந்தது. நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு கூம்பு விறைத்து நிற்க, மஞ்சள் இதழ்கள் எல்லாம் கொடியில் காயும் துணி மாதிரி கீழ்நோக்கித் தொங்கின. அம்மா நெஞ்சில் கை வைத்துவிட்டாள். பூத்த அன்றைக்கே வாடிவிட்டதே, அவள் வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று பதறினாள். எங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீரைக் கீழே கொட்டுகிற வழக்கமில்லை, கறிவேப்பிலைக்கும் துளசிக்கும்தான் போகும். அன்றிலிருந்து அது டின்னுக்குப் போயிற்று. அத்தை விரல் விட்டுப் பார்க்கச் சொன்னாளே என்றேன்.

"பாத்தாலே தெரியுதேட்டி. இதுக்கு வெரல் வேற விடணுமாக்கும்" என்றாள் அம்மா.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்த அப்பாவும் தன் பங்குக்கு ஒரு சொம்பு விட்டார். டின்னின் ஓட்டை வழியாக ஒழுகி ஆன்ட்டி காயப்போட்ட சல்வார்களை நனைத்ததால், அம்மா இரண்டு டின்னுக்கும் அடியில் தாம்பாளம் வைத்தாள். இதழ் நிமிர்கிறதா என்று இருவரும் தினமும் பார்த்தார்கள். நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்வது போலத்தான் பார்த்துக்கொண்டார்கள், அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

அத்தை திரும்பி வந்தபோது தண்டுகள் பால்கனிக் கம்பியில் சாய்ந்து கிடந்தன. ஒன்றைத் தொட்டாள். அடியில் கறுத்து, கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. தாம்பாளத்துத் தண்ணீர் புளித்து நாறியது. அம்மா அழுதேவிட்டாள். வாடிக் கிடந்துதேன்னுதான் ஊத்தினேன், வேற நெனப்பே இல்ல தாயி என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தை கையிலிருந்த தண்டின் நுனியைத் தூக்கிக் காட்டினாள். இதழ்கள் நிறம் வெளுத்து அப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

"அது வாடல மதினி. அதுக்கு மொகமே அப்படித்தான்."

சொல்லிவிட்டு அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. பூத்துதே அண்ணே என்று மெதுவாகச் சொன்னாள். அப்பா அவள் தலையில் கை வைத்து, இதைப் போய்ப் பூத்ததுன்னு சொல்லலாமா, மனசை விடாதே, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

ஆன்ட்டியின் அக்காவுக்கு, அத்தை வரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வருஷம் யாரும் விதையைப் பற்றிப் பேசவில்லை. அத்தை கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள், அதே இரண்டு கரண்டி நெய்யோடு. அம்மா அந்த டின்களில் புதினா வைத்தாள். அது காடாக மண்டியது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யாரிடம் போய் நான் என்ன கேட்பது?

செடி அழுகிப்போன அன்று சாயங்காலம் அத்தை பால்கனியில் தனியாக, காலி டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஆனால் அவள் முகம் தொங்கிப்போயிருப்பதாக எனக்குப் பட்டது. பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டுகொண்டு போய், குடிங்க அத்தை என்று நீட்டினேன். என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

பாவம், அத்தைக்கு நல்ல தாகம் என்று நினைத்துக்கொண்டு நான் இன்னொரு டம்ளர் கொண்டுவர ஓடினேன்.