நைனா, எறங்குது

இது நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் சாந்தோமில் என் வீட்டுக்கு வரட்டும். என் ஒரே மகள் ஜோனின் இடது முழங்காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.

எனக்கு மோட்டார் பைத்தியம். ஆதியில் வந்த மோட்டார் வண்டி ஒன்றுக்கு மூன்றே சக்கரம். திருப்புவதற்கு ஒரு கைப்பிடி. படத்தைப் பார்த்து அதை அப்படியே செய்யத் தொடங்கினேன். தோட்டத்துப் பம்பு இஞ்சின், முன்னால் சைக்கிள் சக்கரம். பின்னால் இரண்டு பெரிய சக்கரம்தான் குறை. யுத்த காலம். எங்கே போய்த் தேட?

1943 அக்டோபர் வெள்ளம் கொண்டுவந்து கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அடையாற்றங்கரைக்குப் போனேன். இடிந்த குடிசையின் கூரை ஒரு ஜட்கா வண்டியின் மேல் கவிழ்ந்து கிடந்தது. குதிரை செத்து உப்பியிருந்தது. சுற்றிலும் ஆள் இல்லை. கொட்டும் மழையில் கடையாணிகளைத் தட்டி, சக்கரம் இரண்டையும் உருவிக்கொண்டு வந்தேன்.

"செத்தவன் பொருளா இருந்தா? வேணாங்க," என்றாள் என் மனைவி லூயிசா.

"செத்தது குதிரை. அது வந்து கேக்கட்டும், குடுத்துடறேன்," என்றேன்.

ஜனவரியில் வண்டி ஓடியது! பக்கத்தில் ஆறு வயது ஜோன், கையைத் தட்டிக்கொண்டு. கச்சேரி ரோடே சிரித்தது.

"ஸ்தனிஸ்லாஸ் சார், குதிரை எங்க?"

"வயித்துக்குள்ள கீது!" என்று கத்தினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

மாலை 5.10. லஸ் முனையில் திரும்பும்போது ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"நைனா... எறங்குது..."

ஏதோ ரோட்டுப் பிள்ளை, காற்று இறங்குகிறது என்கிறாள் என்று நினைத்தேன். முன் டயரை அமுக்கினேன். கல் மாதிரி இருந்தது. பின்னால் இருப்பதோ மரமும் இரும்புப் பட்டையும். அதில் காற்றேது?

5.25. மறுபடியும். இந்தத் தடவை வண்டிக்கு அடியிலிருந்து...

ஜோன் என் சட்டையைப் பிடித்தாள். "பப்பா, கீழ யாரோ அழுவுறாங்க."

குனிந்து பார்த்தேன். யாருமில்லை. "அச்சு கிறீச்சிடுதும்மா," என்றேன். அவளுக்கும் எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

ஆறு மணிக்கு மாதா கோயிலில் திரிகால செப மணி அடித்தது. அச்சைப் பார்க்க, வீட்டுக் கொட்டகையில் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, செங்கல் அடுக்கி நிறுத்தினேன். விளக்கை எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான். அழுகிறவளைத் தேடி ஜோன் அடியில் புகுந்துவிட்டாள்.

சரக்...

செங்கல் நகர்ந்தது.

பாய்ந்து அச்சைப் பிடித்தேன். சற்று முன் நான் ஒருவனே தூக்கிய வண்டி. இப்போது மலையாகக் கனத்தது.

லூயிசா ஓடிவந்து ஜோனின் தோளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

"பப்பா... இவ என் கால வுட மாட்டேங்குறா..."

"யாருடீ?"

"இந்தப் பாப்பா..."

6.07. என் காதோரம் ஓர் ஆண் குரல்.

"வுட்ராத சாமி..."

என் கை நழுவியது.

ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, மீன் கூடையோடு வந்த பட்டினப்பாக்கம் முத்தம்மா கொட்டகைப் பக்கம் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ, இது எங்க கோதண்டபாணி ஜட்கா சக்கரமாச்சே! குடிசை வுழுந்தப்போ அவனும் பொண்ணும் வண்டிக்கு அடியில பூந்துக்கினாங்க சார். கூரை மேல வுழுந்தும் சக்கரம் தாங்கிக்கினு இருந்திச்சு. உசுரோடதான் கீறாங்கன்னு ஆள் கூட்டியாரப் போனோம். வந்து பாத்தா... எந்தப் பாவியோ சக்கரத்த உருவிக்கினு பூட்டான். வண்டி அவங்க மேல குந்திக்கினு கீது."

மீனை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

அன்று ஆற்றங்கரையில் இரண்டாவது சக்கரத்தை உருவும்போது கூரைக்கு அடியில் ஏதோ முனகியது. நாய்க்குட்டி என்று நினைத்து உதைத்தேன். மூன்றாவது உதையில் சத்தம் நின்றது.