ஓட்டை இல்லாத கீரை

அன்று காலை குருண் சந்தையில் என் கடையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி சாந்தி, கீரை வாங்க வந்த கமலா அக்கா.

பதினான்கு வருடம் கூலிம் நகரில் தொழிற்சாலை வேலை பார்த்தேன். அதை விட்டு, மருந்து அடிக்காத கீரை போட வந்து இரண்டு வருடம் ஆகிறது. அக்காவின் கணவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறார். அவருக்காக, மருந்து படாததற்கு அடையாளமாக, பூச்சி கடித்து ஓட்டை விழுந்த இலையாகப் பார்த்து எடுப்பார் அக்கா.

அந்த வாரம் புழு பாதிப் பாத்தியைத் தின்றுவிட்டது. பயந்துபோய் மருந்து அடித்தேன். மூன்றே நாளில் அறுத்துக் கொண்டுவந்தேன். ‘மருந்து இல்லாத கீரை’ என்ற பலகையை நான் எடுக்கவில்லை.

அக்கா ஒரு கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னா தம்பி, ஒரு ஓட்டையும் காணோம்? புழுவெல்லாம் கூலிமுக்கு வேலைக்குப் போயிடுச்சா?”

“மழை பேஞ்சுதுக்கா. அதான் புழு இல்ல லா,” என்றேன்.

அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு கட்டைப் பையில் போட்டார். சாந்தி பைக்குள் கையை விட்டு அவற்றை வெளியே எடுத்தாள்.

“வேணாங்க்கா. இவரு மருந்து அடிச்சிட்டாரு.”

அக்கா திட்டவில்லை. “யாருக்கு வாங்குறேன்னு தெரியும்தானே தம்பி?” என்று மட்டும் கேட்டார். வெறும் பையோடு போய்விட்டார்.

மீதிக் கீரையைக் குழி தோண்டிப் புதைத்தேன். இப்போது புழுவைக் கையால்தான் பொறுக்குகிறேன். மருந்து அடித்து எத்தனை நாள் ஆகிறது என்று தினமும் பலகையில் எழுதி வைக்கிறேன். அக்கா இன்னும் வரவில்லை.

இன்று எழுதியது: அறுபத்து மூன்று.