பிளாக் ஆன வால்வு

கார் விடும் புகையில் கொஞ்சத்தைப் பிடித்து, திரும்ப அந்த இன்ஜினுக்கே ஊட்டுகிற வால்வு ஒன்று இருக்கிறது. ஈ.ஜி.ஆர். என்பார்கள். எரிகிற சூட்டைத் தணித்து, வெளியே போகும் நச்சுக் காற்றைக் குறைக்கிறதாம். இதைக் கண்டுபிடித்த மேதையை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். ஏப்பம் விட்டவனைப் பிடித்து அதையே மறுபடி விழுங்கு என்று சொல்வது போன்ற வேலை இது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததற்கு முழுப் பழியையும் அதன் தலையில் போட்டால் அது அநியாயம்.

நான் மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். குவார்ட்டர்ஸிலிருந்து பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர். எங்களிடம் இருந்தது ஒரு பழைய சின்ன டீசல் கார். அதை நான் முப்பதுக்கு மேல் ஓட்ட மாட்டேன். இன்ஜினை உறுமவே விடாமல், மேல் கியரில் போட்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி போவேன். பின்னால் லோரிக்காரன் ஹாரன் அடித்தால் அவனுடைய வளர்ப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்வேன். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஒருவர்தான் என் அருமை தெரிந்தவர். சார் காடியை நோகாமல் வைத்திருக்கிறார் என்று எல்லாரிடமும் சொல்வார்; காரை இங்கே காடி என்பார்கள். இந்தக் குளிரில் இன்ஜின் சூடாவதற்குள் பள்ளி வந்துவிடும். தினமும் அப்படி ஓட்டினால் கரி முழுக்க உள்ளேயே படியும் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இரண்டு மேதாவிகள்.

என் மனைவி, பக்கத்துப் பட்டணமான தானா ராத்தாவில் ஓர் அலுவலகத்தில் ஆறு வருடமாக ஒப்பந்தக் குமாஸ்தா. ஒவ்வொரு வருடக் கடைசியிலும், அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பாள். நிரந்தர வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அவளுக்கு முதல் தடவையாக அழைப்பு வந்தது. மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில், காலை பத்து மணிக்கு.

அதற்கு முந்தின சனிக்கிழமை அவள்தான் காரைப் பிரிஞ்சாங் ஊர் வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் எண்ணெய் மாற்றிக்கொண்டு வந்தாள். வீட்டில் கிராணியும் சக ஆசிரியர் ஒருவரும் என்னோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக்கை இங்கே போர்மன் என்போம். அந்தப் போர்மன் சொன்னதை அவள் வந்து சொன்னாள்.

"ஈ.ஜி.ஆர். பிளாக்கா இருக்காம். ஈப்போ போறதுக்கு முன்னாடி கழட்டிப் பாக்கணுமாம்."

"புகை போற எடம் பிளாக்கா இல்லாம வெள்ளையாவா இருக்கும்? பவுடர் போட்டு விடச் சொல்லு லா," என்றேன்.

கிராணிக்குச் சிரிப்பில் தேநீர் புரையேறியது. அது போதாதா எனக்கு? வண்டிக்குள் கருப்பைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு போர்மன் வேண்டுமா என்று ஆரம்பித்து, அரைகுறைகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அவள் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நேர்முகத் தேர்வன்று நான் லீவு போட்டேன். ஏழு மணிக்குக் கிளம்பினோம். இஸ்திரி கலையாத பாஜு கூரோங் உடையில், சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரிஞ்சாங் தாண்டி, கியா பார்ம் ஏற்றத்தில் கார் மக்கர் செய்தது. மிதித்தால் புகை வந்ததே தவிர வேகம் வரவில்லை. மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. ஸ்ட்ராபெரியைக் கண்ணால் கண்டிராத சுற்றுலாக் கூட்டம் ஒன்று வேனில் எங்களைத் தாண்டும்போது ஜன்னலைத் திறந்து படம் எடுத்தது. அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தேன். ஐம்பது அடி போகும், திரும்பவும் படுத்துவிடும். யாருக்காவது போன் செய்யட்டுமா என்று கேட்டாள். தேவையில்லை, சூடேறினால் சரியாகிவிடும் என்றேன். இப்படியே ஒன்றேகால் மணி நேரம் போனது. அந்தக் காரில் ஒரு முட்டாள் இருந்தான். ஸ்டியரிங் அவன் கையில் இருந்தது.

கடைசியில் அவள் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு இறங்கினாள். முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போகும் லோரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, ஏறிப் போய்விட்டாள்.

காரை வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துப்போனார்கள். போர்மன் வால்வைக் கழற்றிக் காட்டினார். விரல் நுழைய வேண்டிய துவாரத்தில் ஈர்க்குச்சி நுழையாது, அவ்வளவு கரி. முன்னாடியே ஒழுங்காகச் சொல்வதற்கென்ன என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"சொன்னேனே சார், பிளாக்குன்னு. அடச்சிக்கிட்டா பிளாக்குன்னுதானே சொல்லுவோம்?"

ஆங்கிலத்தில் அடைப்புக்கு ஒரு சொல், கருப்புக்கு ஒரு சொல். நம் நாக்கில் இரண்டும் ஒரே பிளாக். இருபது வருடம் மொழி சொல்லிக்கொடுத்தவனுக்கு இதை எண்ணெய்க் கையோடு நிற்கும் ஒருவர் விளக்க வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் தானா ராத்தா பஸ் நிலையத்தில் காத்திருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். பதினொரு மணிக்குத்தான் போய்ச் சேர முடிந்ததாம். அதற்குள் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்து, வரவில்லை என்று குறித்துவிட்டார்களாம். மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லையாம். இதையெல்லாம் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, பாடம் நடத்தினேன். ஒரே ஒலியில் இரண்டு சொற்கள் வந்து விழுந்ததைச் சொல்லி, அதனால்தான் நாம் இரண்டு பேரும் தப்பாக விளங்கிக்கொண்டோம் என்று முடித்தேன்.

"எனக்கு அன்னைக்கே வெளங்கிருச்சிங்க," என்றாள். "அடச்சிருக்குன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. விட்டுட்டேன்."