முதலாம் பிள்ளையின் அம்மா

எமில்டாவுக்குக் கனடாவில் பிடிக்காத விஷயம் பனி அல்ல. பள்ளிக்கூட றிப்போட்டில் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று போடாததுதான். மன்னாரில் அவள் படித்த காலத்தில் அந்த இலக்கத்தைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். இங்கே எண்பத்தெட்டு என்று ஒரு புள்ளியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். எண்பத்தெட்டு யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்று தெரியாமல் ஒரு தாய் எப்படி நித்திரை கொள்வது? ஆகவே றிப்போட் வருகிற கிழமையில் எமில்டா தெரிந்த தாய்மாருக்கெல்லாம் போன் எடுப்பாள். சுகம் விசாரிப்பாள், காய்ச்சல் இருமல் விசாரிப்பாள், பிறகு மெல்லப் புள்ளிக்கு வருவாள்.

ரூஜ் என்கிற புறநகர்ப் பகுதியில் வீடு. மில்லிக்கன் பிளாசா ஒன்றில் உள்ள மருந்துக்கடையில் வேலை. கணவர் இக்னேசியஸ் லொறி ஓடுகிறார். ஒரே மகன் ஜூலியன். மாதா கோயிலுக்கு வருகிற எல்லாரும் பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப, எமில்டா மட்டும் பக்கத்திலிருந்த சின்ன அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் மகனை ஒன்பதாம் வகுப்புக்குச் சேர்த்தாள். கேட்டவர்களுக்கு, நடந்து போகலாம் என்று காரணம் சொன்னாள். உண்மை வேறு. கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். இங்கேயோ தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளியிருந்த விட்பி நகரப் பக்கம் வீடு வாங்கிப் போய்விட, வகுப்புகள் சுருங்கிப் போயிருந்தன. மிச்சப் பேரில் பாதி, நாட்டுக்குப் புதிதாக வந்து ஆங்கிலம் பழகுகிற பிள்ளைகள். அவர்கள் தலையெடுப்பதற்குள் ஜூலியன் முதலாம் பிள்ளையாகவே படித்து முடித்து இஞ்சினியரிங் போய்விடுவான் என்பது அவள் போட்ட கணக்கு.

கணக்கு ஒரு வருஷம் சரியாக ஓடியது. அடுத்த வருஷம் பக்கத்துத் தெருவுக்கு ரதி குடிவந்தாள். அவளுடைய மகள் சிவானியும் அதே வகுப்பு.

“கணக்குக்குச் சிவானி எத்தினை?” என்று எமில்டா போனில் கேட்டாள்.

“தொண்ணூத்தாறாம், அக்கா. ஜூலியன் தம்பியோட லஞ்ச் நேரம் சேர்ந்து செய்யிறவள். அவன் நல்ல பிள்ளை.”

ஜூலியனுக்குத் தொண்ணூற்றிரண்டு. எமில்டாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. ரதி பெருமையடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். கேட்டதும் மறைக்காமல் சொல்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த ஞாயிறு மடுமாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டவள், ஜூலியன் கூடுதலாகப் புள்ளி எடுக்கவேண்டும் என்று மன்றாடவில்லை. சிவானி குறைய எடுக்கவேண்டும் என்று மன்றாடினாள். மாதா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினோராம் வகுப்பிலும் சிவானிதான் முதல்.

அந்த வருஷக் கடைசியில் ரதி வந்து, விட்பியில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம், ஆனால் சிவானி பள்ளிக்கூடத்தை விட்டு வரமாட்டேன் என்று அழுகிறாள், என்ன செய்ய என்று கேட்டாள். எமில்டா தேத்தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“உங்களுக்கென்ன விசரே ரதி? விட்பிப் பள்ளிக்கூடத்துக்குத் தரப்பட்டியல்ல பத்துக்கு எட்டரை போட்டிருக்கினம். எங்கடைக்கு அஞ்சு. உந்தக் கெட்டிக்காரியை இஞ்ச வச்சு வீணாக்கப் போறியளே?”

“அப்ப ஜூலியன்?”

“அவன் ஆம்பிளைப் பிள்ளை. எப்பிடியும் சமாளிப்பான்.”

ரதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கள் எனக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி,” என்றாள். எமில்டாவுக்கு ஒரு கணம் சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு கணம்தான். வீடு மாறுகிற அன்று ஐம்பது மீன் றோல் பொரித்துக் கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே கையசைத்தாள். வீட்டுக்கு வந்ததும் பாட்டுக்கூடப் பாடினாள்.

செப்டெம்பரில் ஜூலியன் பையைக் கழற்றாமலே வந்து குசினி வாசலில் நின்றான்.

“கல்குலஸ் கிளாஸ் கான்சல், அம்மா. ஆக்கள் காணாதாம்.”

“லீவுக்கு முதல் காணுமெண்டவை?”

“சிவானி போயிட்டாள். அவள் எடுக்கிறாளெண்டு சேர்ந்த மற்ற ரெண்டு பேரும் விலத்தீட்டினம். இஞ்சினியரிங்குக்கு அது வேணுமெண்டபடியா என்னை ஒன்லைன்ல எடுக்கச் சொல்லுகினம்.”

எமில்டா அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தாள். இக்னேசியசுக்குச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால், ஏன் இவ்வளவு பதறுகிறாய் என்று கேட்பார், ரதிக்குப் புத்தி சொல்லி அனுப்பிய கதையும் வெளியே வரும். சொல்லவில்லை.

ஜூலியன் தன் அறையில் திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து படித்தான். விளங்காததைக் கேட்க ஆளில்லை. முந்திக்கொண்டு ஓட ஆளில்லாததால் மற்றப் பாடங்களிலும் கால் தளர்ந்தது. மாசியில் கல்குலஸ் எழுபத்தொன்று. அவன் ஆசைப்பட்ட இஞ்சினியரிங் வைகாசியில் இல்லையென்று சொல்லிவிட்டது.

ஆனாலும் ஆனியில் நடந்த பள்ளிக்கூடப் பட்டமளிப்பில் ஆகக் கூடிய சராசரிக்கான பரிசு அவனுக்குத்தான். எண்பத்துநாலு. இரண்டாம் பிள்ளையாக இருந்த காலத்தில் அவன் ஒருநாளும் தொண்ணூறுக்குக் கீழே போனதில்லை. பட்டுச்சேலையில் முன்வரிசையில் இருந்த எமில்டா கை தட்டினாள். இந்த நாளுக்காக நாலு வருஷம் காத்திருந்தவளுக்கு, வாயில் வைத்த சீனி இனிக்கவில்லை.

வெளியே வந்தபோது கையில் பூங்கொத்தோடு ரதி நின்றாள். விட்பியிலிருந்து வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தாள். ஜூலியனைக் கட்டிப்பிடித்து, “எனக்கு அப்பவே தெரியும், நீதான் முதலாம் பிள்ளையா வருவாயெண்டு,” என்று சொன்னபோது அவள் கண் கலங்கியது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு துளி பொய் இல்லை. எமில்டாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை.

கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். வாய் கேட்டுவிட்டது.

“சிவானி எப்பிடி?”

“அதையேன் கேக்கிறியள் அக்கா. அங்க எல்லாரும் புலியள். புள்ளிப்படி மேடைக்குக் கூப்பிட்டவை, இவள் பதினோராவதாத்தான் போனவள். தொண்ணூத்தாறு.” ரதி சிரித்தாள். “எண்டாலும் இஞ்சினியரிங் கிடைச்சிட்டுது. தம்பியும் அங்கதானே வாறான்? ரெண்டு பேரும் பழையபடி சேர்ந்து படிக்கலாம்.”

ஜூலியன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பரிசுக் கேடயம் எமில்டாவின் கையில் இருந்தது. வயிறு முன்னெப்போதையும்விட மோசமாக எரிந்தது. இந்தக் கேடயத்தைக் கொடுத்துவிட்டு அந்தப் பதினோராம் இடத்தைத் தன் பிள்ளைக்கு வாங்கித்தர யாரிடம் போய்க் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.